போர்டு விலையும் பிராசசர் ஆயுளும்

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஐந்து ரோடு வரை, சிஸ்டம் அசெம்பிள் செய்வது பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்த வதந்தி வந்துவிடுகிறது: "விலை கம்மி போர்டு போட்டா கிளாக் ஆடும், ரெண்டு வருசத்துல பிராசசர் போயிரும்." இதை நம்பி, பில் போடவும் டைப் அடிக்கவும் மட்டும் கம்ப்யூட்டர் வேண்டியவர்கள்கூடப் பிராசசரை விட அதிக விலைக்குப் போர்டு வாங்குகிறார்கள். ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் போக வேண்டிய பணம் அது. அண்மையில் பிராசசர்கள் கூட்டம் கூட்டமாகக் கெட்ட இரண்டு நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தாலே இந்த வாதம் நிற்காது.

2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள், முக்கியமாக ஐ9 13900கே, 14900கே ரகங்கள், கேம் ஓடும்போது நின்றுபோவதாக உலகெங்கும் புகார் குவிந்தது. அவற்றில் ஏராளமானவை இசட்690, இசட்790 என்ற உயர்ந்த விலைப் போர்டுகளில் இருந்தவை. 14900கேவுக்கு இன்டெல் குறித்த உச்ச மின்சக்தி 253 வாட். தங்கள் போர்டு மற்றதைவிட வேகம் என்று காட்டுவதற்காக, பல போர்டுக் கம்பெனிகள் பயாஸில் அதை 4096 வாட் என்று வைத்து அனுப்பின. வரம்பே இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த ஆண்டு செப்டம்பரில் இன்டெல் சொன்ன விளக்கத்தை, போர்டு விற்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கோருக்குள் கிளாக்கைப் பகிர்ந்தளிக்கும் சுற்று, கூடுதல் வோல்டேஜும் சூடும் சேரும்போது சீக்கிரம் மூப்படைகிறது. கிளாக் துடிப்பின் அளவு பிசகுகிறது. நேற்று ஓடிய வோல்டேஜில் இன்று அதே வேகத்துக்குப் பிராசசர் ஓடாது. இதற்கு இன்டெல் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, பரிந்துரையை மீறிய போர்டு செட்டிங். மற்றவை பெரும்பாலும் இன்டெல்லின் சொந்த மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது. அந்த ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. ஆக, கிளாக்கும் கெட்டது, ஆயுளும் கெட்டது. இரண்டையும் கெடுத்தது வோல்டேஜ். போர்டின் விலை அதைத் தடுக்கவில்லை.

"அப்படியானால் போர்டுதானே குற்றவாளி?" என்று சிலர் திருப்பிக் கேட்பார்கள். முழுதாக அப்படியும் இல்லை. செட்டிங்கை அடக்கி வைத்திருக்கும் டபிள்யூ680 ரக சர்வர் போர்டுகளிலும் இதே பிராசசர்கள் செத்தன. இரண்டாவது நிகழ்வு அதற்கு முந்தைய ஆண்டு: 2023 ஏப்ரலில், ஏஎம்டியின் ரைசன் 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய படங்கள் வெளிவந்தன. ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போ செட்டிங்கை இயக்கியதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தன. பயாஸ் அப்டேட் மூலம் அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்தினார்கள். அங்கேயும் பெயர் அடிபட்டதில் விலை உயர்ந்த போர்டுகள் இருந்தன.

போர்டு தருவது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக் மட்டுமே. அதை 52 மடங்காக்கி 5.2 கிகாஹெர்ட்ஸ் ஆக்குவது பிராசசருக்குள் இருக்கும் சுற்று. கிளாக்கைப் பிறப்பிக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் மிக மலிவான பாகம்; மலிவுப் போர்டில் இருப்பதும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குக்கு மேல் பிசகாது. 99.8 என்று திரையில் தெரிவதைக் காட்டிப் பயமுறுத்துவதை நிறுத்துங்கள்: ரேடியோ இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றே செய்த சிறு அசைவு அது. மின்சப்ளைப் பிரிவுகளின் எண்ணிக்கையாக அட்டைப்பெட்டியில் "16 பேஸ்" என்று அச்சடித்திருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது.

மலிவுப் போர்டு எங்கே திணறும் என்பதையும் சொல்ல வேண்டும். 12 வோல்ட்டைச் சுமார் ஒரு வோல்ட்டாக இறக்கும் விஆர்எம் பகுதியில். ஹீட்சிங்க் இல்லாத எச்610 போர்டில் ஐ9 பொருத்தினால் அந்தப் பகுதி கொதிக்கும். போர்டு பிராசசரை வேகம் குறைக்கச் சொல்லும். வேலை மந்தமாகும். அது பாதுகாப்பு ஏற்பாடு, பிராசசரின் சாவு இல்லை. 65 வாட் அடிப்படையும் 117 வாட் உச்சமும் கொண்ட ஐ5 12400க்கு ஒழுங்கான சாதாரணப் போர்டு தாராளம். நம்ம ஊர் கரண்ட் ஏறி இறங்குவதைத் தாங்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட் லைனை 11.4க்கும் 12.6க்கும் நடுவே பிடித்து வைப்பது அதன் கடமை. மிச்சப்படுத்திய பணத்தை அங்கே போடுங்கள்.

இந்த வதந்திக்கு ஒரு பழைய வேர் உண்டு. 2000க்குப் பிறகு சில ஆண்டுகள், தரமற்ற எலெக்ட்ரோலைட் ஊற்றிய கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 வரிசையே அதில் அடிபட்டு, 2005இல் டெல் 30 கோடி டாலர் செலவு எழுத வேண்டி வந்தது. ஆனால் அப்போதும் செத்தது போர்டு. அதே பிராசசரை வேறு போர்டில் மாட்டினால் பெரும்பாலும் ஓடியது. பழைய சாமான் சந்தையில் இன்றும் கோர் 2 டியோ பிராசசர்கள் கிடைப்பதும், அதற்கேற்ற நல்ல போர்டு கிடைக்காமல் திண்டாடுவதும் இதே கதைதான்.

இந்த ஊரில் சிஸ்டத்தை உண்மையில் கொல்வது பஞ்சு. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, தாரமங்கலம் பக்கம் விசைத்தறிக்கு அருகே இருக்கும் சிஸ்டத்தைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியே 40 டிகிரி அடிக்கும் ஏப்ரலில் அந்த ஃபேன் எதைக் குளிரவைக்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதித் துடைப்பதும், வருடம் தவறாமல் ஃபேனைச் சோதிப்பதும் எந்த இசட் வரிசைப் போர்டையும்விட அதிகம் காப்பாற்றும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது மூன்றே: பயாஸைப் புதுப்பித்துக் கொடுங்கள், மின்வரம்பை இன்டெல் டீஃபால்ட்டில் வையுங்கள், பெட்டியோடு வரும் பிராசசரை ஜிஎஸ்டி பில்லோடு தாருங்கள். 13, 14ஆம் தலைமுறையில் பாதிக்கப்பட்ட பெட்டி பிராசசர்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டி 5 ஆக்கியது. பெட்டி இல்லாமல் வரும் ட்ரே பிராசசருக்கு விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும். பில் இல்லையென்றால் அவரையும் பிடிக்க முடியாது.