நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவோம்

லாரி ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக் கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். டாக்டர் தொழில் செய்யப் பதிவு வேண்டும். லைசென்ஸ் என்பதைத் தமிழில் உரிமம் என்கிறோம்.

உரிமம் ஒரு காகிதம்தான். ஆனால் அதை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

கொடுத்த உரிமத்தை அரசு திரும்ப எடுக்க முடியுமா? முடியும். சில காலம் நிறுத்தி வைக்கலாம். அடியோடு ரத்து செய்யலாம். காலம் முடிந்ததும் புதுப்பிக்க மறுக்கலாம். இவற்றைப் பாதகமான நடவடிக்கை என்பார்கள். பாதகம் என்றால் கெடுதல். உரிமம் வைத்திருப்பவருக்குக் கெடுதலாக முடிவதால் இந்தப் பெயர்.

ஆனால் நினைத்தபோது பிடுங்கிவிட முடியாது. அதற்கு முறை உண்டு.

சால்ட் லேக்கில் நடந்தது

கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக் என்ற பகுதி இருக்கிறது. விதான்நகர் என்றும் சொல்வார்கள். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த பிதான் சந்திர ராயின் நினைவாக வைத்த பெயர் அது. அவரும் ஒரு டாக்டர்தான்.

மேற்கு வங்க மருத்துவ மன்றத்தின் அலுவலகம் இங்கே உள்ளது. அந்த மாநில டாக்டர்களின் பெயர்ப் பதிவேடு இந்த மன்றத்திடம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் டாக்டராகத் தொழில் செய்ய முடியாது.

2024-ஆம் ஆண்டு சந்தீப் கோஷ் என்ற டாக்டரின் பதிவு பற்றிக் கேள்வி எழுந்தது. அவர் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். நிதி முறைகேடு வழக்கில் அவரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்திருந்தது.

மன்றம் என்ன செய்தது? முதலில் நோட்டீஸ் அனுப்பியது. "உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று விளக்கம் கேட்டது. மன்றம் ஏற்கும்படியான விளக்கம் வரவில்லை. 2024 செப்டம்பர் 19 அன்று அவருடைய பதிவை ரத்து செய்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வழக்கு வேறு. உரிமம் பற்றிய நடவடிக்கை வேறு. ஒருவர் குற்றவாளியா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. தொழில் செய்ய அனுமதிக்கலாமா என்று முடிவு செய்வது மன்றத்தின் வேலை.

பெரிய டாக்டருக்கும் முதலில் நோட்டீஸ்தான் போனது. லாரி டிரைவருக்கும் அதே நியாயம்தான்.

ஏன் கேட்க வேண்டும்?

1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு எடுத்துக்கொண்டது. காரணம் சொல்ல மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1978-இல் தீர்ப்பு வந்தது. ஒருவருடைய உரிமையில் கை வைக்கும் முன் அவர் சொல்வதையும் கேட்க வேண்டும், முறை நியாயமாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஓட்டுநர் உரிமத்துக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. உரிமத்தை நிறுத்தி வைக்கும் முன், ரத்து செய்யும் முன், ஓட்டுநர் சொல்வதை அதிகாரி கேட்க வேண்டும். உத்தரவில் காரணத்தை எழுத வேண்டும்.

டிரைவர் என்ன செய்யலாம்?

ஒரு லாரி டிரைவருக்கு நோட்டீஸ் வருகிறது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதாக அதில் இருக்கிறது. பயத்தில் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாமா? கூடாது. பதில் வராவிட்டால், "இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று அதிகாரி முடிவு செய்துவிடலாம்.

நோட்டீஸில் மூன்றைத் தேடுங்கள்.

1. என்ன குறை சொல்கிறார்கள்?
2. எந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும்?
3. யாருக்குப் பதில் எழுத வேண்டும்?

பிறகு பதில் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

ஐயா,
தங்கள் நோட்டீஸ் எண் ........, தேதி ........ கிடைத்தது. என் வண்டியில் அதிக பாரம் ஏற்றியதாக அதில் உள்ளது. அது சரியல்ல. அன்று எடை போட்ட ரசீதின் நகலை இணைத்துள்ளேன். என்னை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டுகிறேன். இந்த வேலையை நம்பியே என் குடும்பம் உள்ளது.
இப்படிக்கு, (கையெழுத்து)

உண்மையை மட்டும் எழுதுங்கள். தவறு நடந்திருந்தால் அது எப்படி நடந்தது என்று எழுதுங்கள். பதிலுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

உத்தரவு பாதகமாக வந்தால்?

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஓட்டுநர் உரிமம் பற்றிய இந்த உத்தரவு கைக்குக் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த தேதியை அதன் மேலேயே குறித்து வையுங்கள். ஆனால் மேல்முறையீடு செய்துவிட்டோம் என்று வண்டி ஓட்டக் கூடாது. தடை இருக்கும்போது ஓட்டினால் அது தனிக் குற்றம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இலவச சட்ட உதவி பெறலாம். நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.

சொல் அறிவோம்
உரிமம் – லைசென்ஸ்
பாதகம் – கெடுதல்
ரத்து – செல்லாமல் செய்தல்
மேல்முறையீடு – மேல் அதிகாரியிடம் அல்லது மேல் நீதிமன்றத்தில் முறையிடுவது

பதில் சொல்வோம்
1. நோட்டீஸில் தேட வேண்டிய மூன்று எவை?
2. பதிலின் நகலில் ஏன் முத்திரை வாங்க வேண்டும்?
3. உங்கள் வீட்டில் யாரிடம் உரிமம் இருக்கிறது? அது எந்தத் தேதி வரை செல்லும்? எடுத்துப் படித்துப் பாருங்கள்.