பச்சை மரத்தில் எழுந்த கூரை

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் பேராலயக் கூரை எரிந்து வீழ்ந்ததை நாம் அறிவோம். ஐந்தாண்டுகளில் மீண்டும் எழுப்புவோம் என்றார் பிரான்ஸ் நாட்டு அதிபர்.

கதவு செய்வதற்கே காய்ந்த மரம் கேட்பார் நம் ஊர்த் தச்சர். அங்கோ சுமார் 2,000 ஓக் மரங்களை வெட்டி, ஈரம் உலருமுன்னரே வேலையைத் தொடங்கினர். பருமனான உத்திரம் உள்வரை உலரப் பல ஆண்டுகள் ஆகுமே! அவசரத்திற்குக் கண்ட குறுக்குவழியோ என்று நாம் ஐயுற வேண்டாம். 13-ஆம் நூற்றாண்டுத் தச்சரும் பச்சை மரத்தையே கையாண்டனர். கோடரிக்கு இணங்குவது அதுதான். இம்முறையும் நடுக்கூடத்து உத்திரங்களைக் கோடரியாலேயே செதுக்கினர். ரம்பம் மரத்தின் நார்களைக் குறுக்கே அறுத்துவிடும்; கோடரியோ அவற்றின் போக்கிலேயே செல்லும். ஆகவே சற்று வளைந்த மரமும் வலுக்குன்றாமல் உத்திரமாயிற்று.

அளவுகள்? சாம்பலிடம் கேட்க முடியுமா! நல்ல காலமாக, 2014-இல் கட்டடக் கலைஞர் இருவர் அக்கூரைச் சட்டங்களை நுணுக்கமாக அளந்து வரைந்து வைத்திருந்தனர்.

சட்டங்களைத் தரையில் ஒருமுறை பூட்டிப் பார்த்து, பிரித்து, பின்னரே மேலே ஏற்றினர். 2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் திறக்கப்பட்டது. மேலே மரம் இன்னும் மெல்ல உலர்ந்துகொண்டிருக்கிறது.