ஃபோட்டோவை இளைக்க வை, முகத்தைக் கெடுக்காதே!

"அக்கா, மெயில் போக மாட்டேங்குது." "அக்கா, ஃபோட்டோ 50 கேபிக்கு மேல இருக்குன்னு ஃபார்ம் எடுத்துக்க மாட்டேங்குது." கடைசித் தேதி அன்னைக்கு, அதுவும் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உங்களுக்கெல்லாம் இந்தச் சந்தேகம் வரும். சரி, திட்டுறதை அப்புறம் வச்சுக்கறேன். உட்கார்ந்து ஒரு தடவை படி.

ஒரு ஃபோட்டோ கனக்க ரெண்டு காரணம். அதுல எத்தனை பிக்சல் இருக்குங்கறது ஒண்ணு, அதை எவ்வளவு அமுக்கி வச்சிருக்குங்கறது இன்னொண்ணு. நீங்க எல்லாரும் அமுக்குறதையே பிடிச்சுத் தொங்குறீங்க. லாபம் பிக்சலைக் குறைக்கறதுலதான் இருக்கு. 12 மெகாபிக்சல் கேமரால எடுத்த படம் 4000-க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. அதையே 1600-க்கு 1200 ஆக்கினா 19 லட்சத்து 20 ஆயிரம். ஆறுல ஒரு பங்குகூட இல்லை! பார்க்கறவரோட கம்ப்யூட்டர் திரை பெரும்பாலும் 1920-க்கு 1080தான். மிச்ச பிக்சலை அனுப்பி யாருக்கு என்ன லாபம்?

1. ஒரிஜினல்ல கை வைக்காதே. முதல்ல ஒரு காப்பி எடு, பேர் கடைசில "சின்னது"ன்னு போடு, அதுல உன் கைவரிசையைக் காட்டு. ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்தி சேவ் பண்ணினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் போயிடும். போனது போனதுதான். சின்னதாக்கின படத்தை மறுபடி இழுத்துப் பெருசாக்கினா மூக்கு எது, கன்னம் எதுன்னு தெரியாது.

2. க்ராப், ரீசைஸ், அப்புறம்தான் தரம். இந்த வரிசையை மாத்தாதே. தேவையில்லாத சுவர், மின்விசிறி, பக்கத்து வீட்டு மாமா தலை எல்லாத்தையும் வெட்டு. அப்புறம் நீளமான பக்கம் 1200-லேர்ந்து 1600 பிக்சல் வர்ற மாதிரி குறை. கடைசியா தரத்தை 75 அல்லது 80-ல வை. சாதாரண குடும்ப ஃபோட்டோ இதுலேயே பெரும்பாலும் 200-லேர்ந்து 400 கேபிக்குள்ள வந்து நின்னுடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

தரத்தை 30, 40-ன்னு இறக்கிடாதே. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாப் பிரிச்சுத்தான் அமுக்கும். ரொம்ப அமுக்கினா அந்தக் கட்டமெல்லாம் முகத்துல தெரிய ஆரம்பிச்சிடும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. ஒரே பிக்சல், ஒரே தரம் வச்சாலும் எல்லாப் படமும் ஒரே கனம் வராது. வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்கற ஆள் லேசு. ஜரிகை போட்ட பட்டுப்புடவை, புள்ளிக்கோலம், இலை அடர்ந்த மரம் எல்லாம் கனம், ஏன்னா அதுல நுணுக்கம் அதிகம். ராத்திரி மங்கின வெளிச்சத்துல எடுத்தா படம் முழுக்க பொடிப்பொடியா மணல் மாதிரி வரும் பாரு, அதுவும் கனம்தான். அதையும் விவரம்னு நினைச்சு ஜேபெக் பத்திரமா சேர்த்து வைக்கும். அதனால சின்ன ஃபைல் வேணும்னா பகல் வெளிச்சத்துல எடு. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிடும்.

3. எதுக்கு எந்த வகை? ஃபோட்டோன்னா ஜேபெக். எழுத்து நிறைய இருக்கற ஸ்க்ரீன்ஷாட், லோகோ, பின்னணி இல்லாத படம்னா பிஎன்ஜி. கல்யாண ஃபோட்டோவை பிஎன்ஜில சேவ் பண்ணிட்டு "ஏன் இவ்ளோ பெருசு"ன்னு என்கிட்ட வராதே. பிஎன்ஜி எதையும் விட்டுக் கொடுக்காது, அதான் அவ்வளவு பெருசு. ஐஃபோன் வச்சிருக்கறவங்க கவனி: 2017-ல வந்த ஐஓஎஸ் 11-லேர்ந்து அது ஹெச்இஐசி வகையில சேமிக்குது. இடம் கம்மியாத்தான் பிடிக்கும், ஆனா நிறைய ஃபார்ம்கள் அதை வாங்காது. செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மேட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" வச்சுட்டா அதுக்கப்புறம் எடுக்கறதெல்லாம் ஜேபெக்.

ஃபைல் பேர்ல பிஎன்ஜின்னு இருக்கறதை அழிச்சு ஜேபிஜின்னு அடிச்சா வகை மாறிடாது. பேர்தான் மாறும், உள்ள இருக்கறது அதேதான். திறந்து, "சேவ் ஆஸ்" போய் மாத்து.

4. எதுல பண்றது? காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

- விண்டோஸ் 11-ல ஃபோட்டோஸ் செயலில படத்தைத் திற. மூணு புள்ளி மெனுல "ரீசைஸ் இமேஜ்" இருக்கு. பிக்சல், தரம், வகை மூணையும் அங்கேயே மாத்தலாம். புது அளவு எத்தனை கேபின்னும் அதுவே காட்டும்.
- பழைய விண்டோஸ்னா பெயின்ட் போதும். கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அமுக்கினா ரீசைஸ் வரும். அகலத்தையும் உயரத்தையும் சேர்த்துக் கட்டிப்போடற டிக்கை எடுத்துடாதே, எடுத்தா ஆள் குள்ளமாயிடுவார். தரத்தை மாத்தற வசதி மட்டும் இதுல இல்லை.
- மேக்ல ஃபைல் மேல ரைட் கிளிக், குவிக் ஆக்ஷன்ஸ், "கன்வெர்ட் இமேஜ்". ஸ்மால், மீடியம், லார்ஜ்னு கேட்கும். ஒரே நேரத்துல நிறைய படத்தைத் தேர்ந்தெடுத்துப் பண்ணலாம்.
- ஃபோன்ல பண்ணணுமா? பிரவுசர்ல ஸ்க்வூஷ் தளத்தைத் திற. கூகுள் ஆட்கள் செஞ்சது. முன்னாடி, பின்னாடி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டும், கண்ணால பார்த்துத் தரத்தைக் குறைக்கலாம். ஒரு நேரத்துல ஒரு படம்தான், ஆனா அந்தப் படம் உன் ஃபோனை விட்டு வெளியே போகாது.

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படி. "50 கேபியாக்கித் தர்றோம்"னு கூகுள்ல தேடினா ஏகப்பட்ட தளம் வரும். அதுல பாதி உன் படத்தை அவங்க சர்வருக்கு வாங்கித்தான் வேலை பார்க்கும். பூ படம், பூனை படம்னா போகட்டும். ஆதார், பான், மார்க் ஷீட், கையெழுத்து இதெல்லாம் கொண்டுபோய் முன்பின் தெரியாத தளத்துல ஏத்தாதே. அவசரம்னாலும் வேண்டாம்.

5. மெயில் ஏன் திரும்பி வருது? ஜிமெயில்ல அட்டாச்மென்ட் வரம்பு 25 எம்பி. ஆனா நீ அனுப்பற ஆபீஸ் சர்வர்ல வரம்பு 10 எம்பியாவே இருக்கலாம். அதுவும் போக, மெயில்ல படம் போறப்ப எழுத்தா மாத்தித்தான் போகும். 3 பைட் 4 எழுத்தாகும், அதாவது மூணுல ஒரு பங்கு கூடும். 8 எம்பி ஃபைல் வழியில 10.5 எம்பிக்கு மேல போயிடும். "வரம்புக்குள்ளதானே இருக்கு, ஏன் திருப்பி அனுப்பறான்"னு நீ புலம்பறதுக்குக் காரணம் இதான். 10 எம்பி வரம்புன்னா 7-க்கு மேல வைக்காதே.

25 எம்பி தாண்டினா ஜிமெயில் அதுவா டிரைவ் லிங்க் ஆக்கிடும். அப்போ பார்க்கற அனுமதியும் கொடுத்தியான்னு பாரு. இல்லைன்னா அந்தப் பக்கம் மேலதிகாரி "அனுமதி கேள்"ங்கற பெட்டியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். ஐஃபோன் மெயில்ல அனுப்பறப்போ ஸ்மால், மீடியம், லார்ஜ், ஆக்சுவல்னு கேட்கும். சும்மா பார்க்கத்தான்னா மீடியம் அல்லது லார்ஜ். பழக்கதோஷத்துல ஆக்சுவலை அமுக்காதே.

படங்களை ஜிப் பண்ணி அனுப்பறவங்களுக்கு ஒரு கேள்வி: பிழிஞ்ச துணியை மறுபடி பிழிஞ்சா எவ்வளவு தண்ணி வரும்? ஜேபெக் ஏற்கெனவே அமுக்கினது. பத்து படத்தை ஒரே ஃபைலாக் கட்ட ஜிப் உதவும், கனம் குறைய உதவாது.

6. தேர்வு ஃபார்ம். இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறீங்க. ஐபிபிஎஸ் வங்கித் தேர்வை எடுத்துக்கோ. அறிவிப்புல வழக்கமா வர்றது இது: ஃபோட்டோ 200-க்கு 230 பிக்சல், 20-லேர்ந்து 50 கேபி. கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10-லேர்ந்து 20 கேபி. உன் வருஷத்து அறிவிப்பை ஒரு தடவை பார்த்துட்டுத் தொடங்கு. ஒவ்வொரு தேர்வுக்கும் அளவு மாறும்.

முதல் தப்பு: 4 எம்பி படத்தை பிக்சலைக் குறைக்காம 50 கேபிக்கு அமுக்கறது. முகம் கட்டம் கட்டமா வரும், ஹால் டிக்கெட்ல உன்னை உங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

ரெண்டாவது தப்பு இதுக்கு நேர் எதிர். பிக்சலை ஒழுங்கா 200-க்கு 230 ஆக்கிட்டு, தரத்தையும் 75-ல வைப்பீங்க. படம் 10 கேபிக்குப் போயிடும். "கம்மியாத்தானே இருக்கு, ஏன் வாங்கல"ன்னு திகைப்பீங்க. கீழ் வரம்பு 20 கேபின்னு போட்டிருக்கே, படிச்சியா? தரத்தை 90, 95-க்கு ஏத்து, கனம் வந்துடும், முகமும் தெளிவா இருக்கும். மேல் வரம்பைத் தொட்டுக்கிட்டும் நிக்காதே. 1 கேபின்னா 1000 பைட்டா 1024 பைட்டான்னு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு. 50 வரம்புன்னா 45-ல நில்லு.

மூணாவது, கையெழுத்து. வெள்ளைத்தாள்ல கறுப்பு மைல போடு. பெரிய எழுத்துல போட்டா ஐபிபிஎஸ்ல செல்லாது. முழுத் தாளையும் ஏத்தாதே, கையெழுத்தை ஒட்டி வெட்டு. 140-க்கு 60-ன்னா 7-க்கு 3 விகிதம். முதல்ல அந்த விகிதத்துல க்ராப் பண்ணு, அப்புறம் குறை. இழுத்துப் பொருத்தினா கையெழுத்து நசுங்கிடும். தாள்ல நிழல் விழாம ஜன்னல் பக்கத்துல வச்சு எடு.

அமெரிக்க விசாவுக்கு டிஎஸ்-160 நிரப்பறவங்களுக்கு வேற கணக்கு. படம் சதுரமா இருக்கணும், 600-க்கு 600-லேர்ந்து 1200-க்கு 1200 வரை, 240 கேபி தாண்டக்கூடாது, ஜேபெக்தான். வங்கித் தேர்வுக்குச் செஞ்ச குட்டிப் படத்தைப் பெருசாக்கி இங்க போடலாம்னு பார்க்காதே. ஒரிஜினலை வச்சிருக்கச் சொன்னேனே, இதுக்குத்தான்.

7. வேர்ட் ஃபைல்ல ஒரு வில்லங்கம். ஆதார் படத்தை வேர்ட்ல ஒட்டி, நம்பரை வெட்டிட்டு, மறைஞ்சுட்டுதுன்னு நினைச்சு அனுப்பறே. வேர்ட்ல க்ராப் பண்ணினா வெட்டின பகுதி உள்ளேயே இருக்கும். வாங்கறவர் இழுத்துப் பார்த்தா முழுசும் தெரியும். "கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்" போய் வெட்டின பகுதியை அழிக்கற டிக்கை வச்சுட்டு அனுப்பு. ஃபைல் கனமும் அதுலேயே குறையும்.

8. சொந்தமா வெப்சைட் வச்சிருக்கியா? பலகாரக் கடையோ, டியூஷன் சென்டரோ, எதுவா இருந்தாலும் சரி. 4 எம்பி படத்தை ஏத்திட்டு, பக்கத்துல 300 பிக்சல் அகலம்னு போட்டா திரையில சின்னதாத் தெரியும். ஆனா பார்க்கறவரோட டேட்டால 4 எம்பியும் இறங்கும். வாடிக்கையாளர் பஸ்ல உட்கார்ந்து பார்க்கறார், படம் வர்றதுக்குள்ள அவர் ஸ்டாப் வந்துடும்.

படம் பக்கத்துல எவ்வளவு அகலம் வருமோ அதுல ரெண்டு மடங்கு வச்சுக்கோ, நல்ல திரைகள்ல மங்காது. 600 பிக்சல் இடம்னா 1200. உள்ளே வர்ற படம் 100 கேபி, மேல பெருசா வர்ற படம் 200 கேபி. இது என் கணக்கு, இதைத் தாண்ட விடமாட்டேன். இங்க மட்டும் வெப்பி வகையைத் தாராளமா எடு. கூகுள் 2010-ல கொண்டுவந்தது, ஜேபெக்கைவிட 25-லேர்ந்து 34 சதவீதம் சின்னதா வரும்னு அவங்க கணக்கு. 2020-லேர்ந்து சஃபாரியும் காட்டுது. மெயிலுக்கும் ஃபார்முக்கும் அதைக் கொண்டு போகாதே. "திறக்கல"ன்னு ஃபோன் வரும்.

வேர்ட்பிரஸ் 2019-லேர்ந்து 2560 பிக்சலுக்கு மேல இருக்கற ஜேபெக்கைத் தானே குறைச்சுக்கும். அதை நம்பி அப்படியே ஏத்தாதே. 2560-ம் அதிகம்தான், உன் பெரிய ஒரிஜினலும் சர்வர்ல இடத்தை அடைச்சுக்கிட்டே கிடக்கும்.

9. இருப்பிடம். ஃபோன்ல எடுத்த படத்துக்குள்ள தேதி, கேமரா விவரம், சில சமயம் எந்த இடத்துல எடுத்ததுங்கறது வரைக்கும் ஒளிஞ்சிருக்கும். வீட்டுல எடுத்த படத்தைப் பொதுவில போடறதுக்கு முன்னாடி அதை எடுத்துடு. ஸ்க்வூஷ்ல போட்டு எடுத்தா அதுவே போயிடும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினாலும் போயிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே கூடப் போகும்.

10. எப்போ குறைக்கவே கூடாது? ஃப்ளெக்ஸ் அடிக்கறவர், பத்திரிகை அச்சடிக்கறவர், ஆல்பம் போடறவர் கேட்டா ஒரிஜினலைக் கொடு. வாட்ஸ்அப்ல சும்மா அனுப்பினா அது அமுக்கிடும். டாக்குமென்ட்டுங்கறதைத் தொட்டு அனுப்பு, 2 ஜிபி வரை போகும். வாட்ஸ்அப்ல வந்த படத்தைத் திரும்ப ஃப்ளெக்ஸ்காரருக்கு அனுப்பிட்டு, தாத்தா முகம் மங்கலா இருக்குன்னு அவர்கிட்ட சண்டைக்குப் போகாதே. யார் ஃபோன்ல எடுத்தாங்களோ அவங்ககிட்டயே டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லு.