பைலட் ஆகணுமா? ஃபீஸை மட்டும் பார்க்காதீங்க, வேலை கிடைக்காத ஒரு வருஷத்தையும் கணக்குப் போடுங்க

தம்பி ப்ளஸ் டூ முடிச்சுட்டு பைலட் ஆகணும்னு நிக்கிறான். காரைக்காலில் இருக்கிற சொந்த வீட்டை வெச்சு லோன் வாங்கலாம்னு அப்பா சொல்றார். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குற ஒரே ஆள் நீங்கன்னா, அந்த லோனில் கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போடப் போறதும் நீங்கதான். அதனால இதைக் கனவா பார்க்காம கணக்கா பார்ப்போம்.

எந்தெந்த வழி இருக்கு?

1. இந்தியாவில் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். செலவு பொதுவாக 45 முதல் 60 லட்சம். ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனிச் செலவு.

2. விமான நிறுவனங்களின் கேடட் திட்டம். டைப் ரேட்டிங்கும் சேர்ந்தே வரும், ஆனா செலவு ஒரு கோடியைத் தொடும். வேலை உறுதின்னு சொல்றதுக்குப் பின்னாடி நிபந்தனைகள் இருக்கும். ஒவ்வொரு வரியா படிங்க.

3. இது காரைக்கால் குடும்பங்கள் சிலருக்கு மட்டும். 1962-க்குப் பிறகும் பிரெஞ்சு குடியுரிமை தொடரும் வீடுகள் நம்ம ஊரில் உண்டு. பிரான்ஸின் துலூஸ் நகரில் உள்ள அரசு விமானப் பள்ளியான எனாக், போட்டித் தேர்வு வைத்து ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களைப் பைலட் பயிற்சிக்கு எடுக்கிறது. பயிற்சிச் செலவு அரசுடையது. கடினமான தேர்வு, பிரெஞ்சு மொழியும் வேணும். ஆனா வீடு அடமானத்துக்குப் போகாது!

இப்போ கணக்கு

50 லட்சம் கல்விக்கடன், வட்டி 11%னு வெச்சுக்குவோம். தவணை பொதுவா படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் தொடங்கும். அதுவரை வட்டி கட்டாம விட்டா கடன் சுமார் 60 லட்சமாகிடும். 10 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் 82,650 ரூபாய். அதுக்கப்புறமும் ஒரு வருஷம் வேலை கிடைக்கலைன்னா? கிட்டத்தட்ட 10 லட்சம் உங்க சம்பளத்திலிருந்துதான் போகணும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்னுச்சு, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்னுச்சு. அனுபவமுள்ள பைலட்டுகளே அப்போ வேலை தேடினாங்க. புதுசா லைசென்ஸ் வாங்கினவர் அவங்களுக்குப் பின்னாடிதான் வரிசையில் நிக்கணும்.

வரிச்சலுகை நம்மைக் காப்பாத்துமா?

கல்விக்கடன் வட்டிக் கழிவு (நாம 80ஈ என்று சொல்றது) உங்களுக்கும், மனைவி அல்லது கணவருக்கும், பிள்ளைகளுக்கும், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கும் வாங்கிய கடனுக்குத்தான். தம்பி, தங்கை அந்தப் பட்டியலில் இல்லை! இஎம்ஐ நீங்க கட்டினாலும் உங்களுக்குக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் இருந்தா யாருக்குமே கிடையாது.

கையெழுத்துக்கு முன்னாடி நாலு வேலை

- முதலில் மெடிக்கல். கிளாஸ் 2, அடுத்து கிளாஸ் 1. அதில் தேறாம ஒரு ரூபாய்கூட ஃபீஸ் கட்டாதீங்க.
- பள்ளிக்கு டிஜிசிஏ கொடுத்த தரவரிசையைப் பாருங்க. 2025 அக்டோபரில் வந்த முதல் பட்டியலில் எந்தப் பள்ளியும் ஏ ப்ளஸோ ஏ-யோ வாங்கலை. எத்தனை மாதத்தில் 200 மணி நேரம் முடிக்கிறாங்கன்னு பழைய மாணவர்களிடம் கேளுங்க.
- ஃபீஸை மொத்தமா கட்டாம, பறந்த மணி நேரத்துக்கு ஏத்த தவணையா கேளுங்க. பாதியில் நின்னா எவ்வளவு திரும்ப வரும்னு எழுத்தில் வாங்குங்க.
- கல்விக்கடனுக்கு வீட்டை ஈடா கொடுக்கிறது வேற, வீட்டின் மேல் தனிக்கடன் வாங்குறது வேற. தனிக்கடனுக்குப் பொதுவா அடுத்த மாதமே இஎம்ஐ ஆரம்பிச்சுடும்.

அந்த ஒரு வருஷ இஎம்ஐ-யை உங்க குடும்பம் வீட்டை விக்காம தாங்குமா? தாங்கும்னா தைரியமா சேர்த்துவிடுங்க. தாங்காதுன்னா தம்பி முதல்ல ஒரு டிகிரி முடிக்கட்டும், நீங்க சேமிப்பை ஏத்துங்க. லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயசு 18தான், ரெண்டு மூணு வருஷம் தள்ளிப்போனா ஒண்ணும் கெட்டுப்போகாது. வீடு போனா திரும்ப வாங்குறதுதான் கஷ்டம்.