'வாக் அவுட்': விட்டுச் செல்வதும் கைவிட்டுச் செல்வதும்



ஆங்கிலத்தில் நம்மை மயக்குபவை பெரிய சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. 'வாக்' என்றால் நடத்தல். 'அவுட்' என்றால் வெளியே. இரண்டையும் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் இரண்டும் ஒன்று சேரும்போது புதுப்பொருள் பிறக்கிறது. வேதியியல் பயிலும் எனக்கு இது வியப்பன்று. சோடியம் நீரில் பட்டால் பொங்கி எரியும். குளோரின் நச்சுக் காற்று. இரண்டும் கூடினால் சோற்றுக்கு இடும் உப்பு! இக்கூட்டுவினையின் பொருள்களை வரிசையாகக் காண்போம்.

1. நேர்ப்பொருள்: நடந்து வெளியே செல்லுதல். 'ஷி வாக்ட் அவுட் ஆவ் தி ஸ்டேஷன்' என்றால், அவள் நிலையத்திலிருந்து வெளியே வந்தாள் என்பதே பொருள். இதில் கோபமும் இல்லை, தாபமும் இல்லை.

2. எதிர்ப்பைக் காட்டி வெளியேறுதல்: 1933 பிப்ரவரி 24 அன்று, மஞ்சூரியா பற்றிய அறிக்கையைச் சர்வதேச சங்கம் ஏற்றதும், ஜப்பானியத் தூதுக்குழு மத்சுவோக்கா தலைமையில் அவையைவிட்டு வெளியேறியது. இதுவே 'வாக் அவுட்'. நம் செய்தித்தாள்கள் இதற்கு 'வெளிநடப்பு' என்று அழகிய சொல் வழங்குகின்றன. ஒன்று கவனியுங்கள்: தமிழில் 'வெளிநடந்தனர்' என்று எவரும் எழுதுவதில்லை, 'வெளிநடப்புச் செய்தனர்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்திலோ வினைக்கும் பெயருக்கும் சொல் ஒன்றே, அழுத்தம்தான் வேறு. வினையாயின் 'அவுட்' மேல் அழுத்தம். பெயராயின் 'வாக்' மேல் அழுத்தம்.

கிரிக்கெட் அன்பர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. மட்டையாளர் ஆட வருவது 'வாக் அவுட் டு பேட்'. களத்தைவிட்டு நீங்குவது 'வாக் ஆஃப்'. 1981 பிப்ரவரியில் மெல்போர்ன் டெஸ்ட்டில், லில்லி பந்தில் எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்டதை ஏற்காத நம் பம்பாய் கவாஸ்கர், சேத்தன் சௌகானையும் உடனழைத்துக்கொண்டு நடந்தார். எல்லைக்கோட்டருகே அணி மேலாளர் தடுத்துச் சௌகானைத் திருப்பி அனுப்பினார். ஆட்டம் தொடர்ந்தது, இந்தியா 59 ஓட்டங்களில் வென்றது. களம் நீங்கியதை மட்டும் சொன்னால் அது 'வாக் ஆஃப்'; சினத்தையும் சேர்த்துச் சொன்னால் 'வாக் அவுட்'.

3. வேலையைத் திடீரென நிறுத்தி வெளியேறுதல்: பாண்டுப் போன்ற தொழிற்பேட்டையில் வளர்ந்தவர்க்கு இப்பொருளை விளக்கவே வேண்டாம். ஆனால் 1982 ஜனவரி 18 அன்று டத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பம்பாய் ஆலைப் போராட்டத்தை 'ஸ்ட்ரைக்' என்பதே பொருத்தம். அது நாள் குறித்துத் தொடங்கி ஓராண்டுக்கும் மேல் நீண்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தக் கணமே வாயிலைக் கடப்பது 'வாக் அவுட்'.

4. கைவிடுதல்: பின்னால் 'ஆன்' சேர்ந்தால் பொருள் கடுமையாகிவிடும். 'ஹி வாக்ட் அவுட் ஆன் ஹிஸ் ஃபேமிலி' என்றால், தன்னை நம்பியிருந்த குடும்பத்தைத் தவிக்கவிட்டுச் சென்றான் என்று பொருள். இது பழிச்சொல். (பழைய ஆங்கிலத்தில் 'வித்' சேர்ந்தால் காதலருடன் உலாவுதல் என்றும் பொருளுண்டு, இன்று வழக்கொழிந்தது.)

'ஆவ்', 'ஆன்' வேறுபாட்டை மனத்தில் இருத்தத் தமிழே துணைசெய்யும். 'ஆவ்' வந்தால் 'விட்டு'. 'ஆன்' வந்தால் 'கைவிட்டு'. நம் பெற்றோர் பலர் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள். ஊரைக் கைவிட்டு வந்தவர்கள் அல்லர். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களை அப்படிச் சொல்லத் தகுமா?

இந்த ஓரெழுத்து வேறுபாடு நீதியையே மாற்றும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கூலி நின்றது, ரயிலும் நின்றது. தொழிலாளர் மூட்டை முடிச்சுடன் மும்பையிலிருந்து நாசிக் சாலையில் நடந்தனர். பாண்டுப் வழியே தாணே செல்லும் நம் லால் பகதூர் சாஸ்திரி சாலை முன்பு ஆக்ரா சாலை எனப்பட்டது. வடக்கே போகும் பழைய வழி அதுதான். 'தே வாக்ட் அவுட் ஆவ் தி சிட்டி' என்றால் அது உண்மை. 'தே வாக்ட் அவுட் ஆன் தெயர் ஜாப்ஸ்' என்றால் அது அவதூறு. அவர்கள் வேலையைக் கைவிடவில்லை; வேலைதான் அவர்களைக் கைவிட்டது.

ஒரு முக்கியக் குறிப்பு: 'வாக்ட் அவுட் தி மீட்டிங்' என்று எழுதாதீர்கள், 'ஆவ்' இடையில் வரவேண்டும். எதை விட்டு என்று சொல்லாதபோது 'தே வாக்ட் அவுட்' என்பதே போதும்.

பயிற்சி: 'ஆவ்', 'ஆன்' இவற்றுள் தக்கதை இடுக.

(அ) தி மெம்பர்ஸ் வாக்ட் அவுட் ___ தி அசெம்ப்ளி.
(ஆ) ஹி வாக்ட் அவுட் ___ ஹிஸ் ஓல்ட் பேரன்ட்ஸ்.
(இ) வி வாக்ட் அவுட் ___ தி லைப்ரரி அட் நைன்.

விடை: ஆவ், ஆன், ஆவ். ஆங்கிலச் செய்தித்தாளில் இவ்வினையைக் காணும்போதெல்லாம், நடந்தவர் விட்டுச் சென்றாரா, கைவிட்டுச் சென்றாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.