கடைத் தொழிலாளர் உரிமையும் அதன் சான்றும்

உழைப்பவனுக்குச் சட்டம் தரும் உரிமை ஒன்று. அவ்வுரிமையை அவன் கையில் சேர்ப்பிக்கும் சான்று மற்றொன்று. பின்னது இல்லையேல் முன்னது ஏட்டுச் சுரைக்காயாய் நின்றுவிடும். காவிரி நடுவே தீவாய் விளங்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை எடுத்துக்காட்டாக வைத்து இதனை விளக்க விரும்புகிறேன்.

அரங்கநாதர் கோயிலையும் தரியா தௌலத் மாளிகையையும் காண ஆண்டு முழுதும் மக்கள் வந்து செல்லும் ஊர் அது. வருவோர்க்கு உணவு தருபவை சிறு கடைகளும் உணவு விடுதிகளுமே. அங்கே இலை போடுபவனையும் கணக்கு எழுதுபவனையும் காக்கும் சட்டம் எது?

நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மத்திய அரசும் மாநில அரசும் அதுபற்றிச் சட்டம் செய்யலாம். கடைகளைப் பொறுத்தவரை மாநிலங்களே தனித்தனிச் சட்டம் இயற்றியுள்ளன. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் தோன்றியது. உணவு விடுதிகளுக்கென 1958-இல் தனிச் சட்டம் வந்தது. கருநாடகம் மைசூர் மாநிலம் எனப் பெயர் பெற்றிருந்த நாளில், 1961-இல் இயற்றப்பட்ட ஒரே சட்டம் கடை, உணவு விடுதி இரண்டையும் தழுவி நிற்கிறது. ஆகவே ஓசூரைக் கடந்து வேலைக்குச் செல்பவனுக்கு, மொழி மாறுவதுபோலச் சட்டமும் மாறுகிறது.

1961-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தவற்றுள் முதன்மையானவை இவை: வேலை நேரம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேற்பட்ட உழைப்புக்கு இரட்டிப்பு ஊதியம். தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தபின் 1 மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. உழைத்த 20 நாளுக்கு 1 நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு. 6 மாதம் தொடர்ந்து பணிபுரிந்தவனைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது. காரணம் இருப்பினும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருதல் வேண்டும். முறையான விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டும் முன்னறிவிப்பு வேண்டுவதில்லை. நீக்கப்பட்டவன் குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வளவு இருந்தும் தொழிலாளி ஏன் ஏமாறுகிறான்? அவ்வூர் உணவு விடுதியொன்றில் எட்டு மாதம் உழைத்த தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவரை நான் அறிவேன். ஒருநாள் இரவு, "நாளை முதல் வரவேண்டாம்" என்றார் முதலாளி. சட்டப்படி அவருக்கு ஒரு மாத ஊதியமாவது கிடைத்திருக்க வேண்டும். "எட்டு மாதம் வேலை செய்ததற்குச் சான்று என்ன?" என்று நான் வினவியபோது அவர் விழித்தார். நியமன ஆணை இல்லை. ஊதியம் கையிலேயே தரப்பட்டது. பதிவேட்டில் பெயர் எழுதியதையும் அவர் கண்டதில்லை. வந்த பையுடன் ஊர் திரும்பிவிட்டார்.

நியமன ஆணை தருவது முதலாளியின் கருணை அன்று. அச்சட்டம் விதித்த கடமை. வேலைக்குச் சேருபவன் முதலில் கேட்க வேண்டுவது அதனையே. அது கிடைக்காவிடின், ஊதியத்தை வங்கி வழியே பெற முயல வேண்டும். வந்த நேரம், சென்ற நேரம், பெற்ற தொகை ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். உடன் உழைப்போர் இருவரின் சாட்சியமும் பயன் தரும்.

இன்னொன்றும் கருதுதல் நலம். சட்டங்கள் அவ்வப்போது திருத்தப்படும். அவை எவ்வெப்பகுதிகளில் செல்லும் என்பதையும் அரசு அறிவிக்கை வழியே குறிக்கும். ஆதலின் முறையிடுமுன், தொழிலாளர் துறை அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இங்குதான் மாணவராகிய நமக்கு வேலை இருக்கிறது. அலுவலகப் படிவங்கள் கன்னடத்தில் இருக்கும். வேலை தேடி வந்த தமிழருள் பலர் அவ்வெழுத்தை அறியார். கன்னடம் கற்ற மாணவர் ஒருவர் அரைமணி நேரம் உடன் அமர்ந்து படித்துக் காட்டினால், ஒருவரின் ஒரு மாதக் கூலி வீணாகாமல் காப்பாற்றப்படலாம். நம்முள் பகுதிநேர வேலைக்குச் செல்வோரும் உளர்; அவர்கள் தம் நியமன ஆணையைக் கேட்டுப் பெறுவதே இப்பாடத்தின் முதற் பயிற்சி.