தலையில் அடிபட்டால் குணம் மாறுமா?

கேள்வி: போன வருடம் பைக்கிலிருந்து விழுந்ததில் என் கணவருக்கு நெற்றியில் பலத்த அடி. இப்போது நடக்கிறார், பேசுகிறார், கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறார். ஆனால் ஆளே மாறிவிட்டார். அதிர்ந்து பேசாதவர், குழம்பில் உப்பு குறைந்தால் தட்டை வீசுகிறார். "உள்ளே இருந்த குணம் இப்போதுதான் வெளியே வருது" என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா டாக்டர்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. கோபம் எல்லோருக்கும்தான் வருகிறது. வந்த கோபத்தை வாய்க்கும் கைக்கும் போகாமல் தடுப்பதில் நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அடிபட்டால் அறிவு பெரும்பாலும் அப்படியே இருந்தும், நிதானம் போய்விடலாம்.

1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதைக்காகப் பாறைக்கு வெடிவைத்துக்கொண்டிருந்தார் பினியஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரி. மருந்து இடிக்கும் கம்பி, மூன்றரை அடி நீளம், ஆறு கிலோ எடை, அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. சில நிமிடங்களில் எழுந்து பேசினார். மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தே ஊருக்கு வந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் பொறுப்பானவர் என்று பெயரெடுத்த மனிதர் கெட்ட வார்த்தை பேசுகிறவராக, எதிலும் நிலைக்காதவராக மாறிவிட்டார் என்று சிகிச்சை அளித்த டாக்டர் ஹார்லோ எழுதிவைத்தார். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

பலரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1852-ல் கேஜ் சிலி நாட்டுக்குப் போய், ஏழு வருடம் போல குதிரை வண்டி ஓட்டினார். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், பயணிகளை அனுசரித்துப் போக வேண்டும். நாள் தவறாத அந்த ஒழுங்கே அவரைப் பெரிதும் தேற்றியிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் அதையே செய்யுங்கள். சாப்பாடு, வேலை, தூக்கம் மூன்றும் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தூக்கம் கெட்டாலும், வீட்டில் கூட்டமும் சத்தமும் கூடினாலும் கோபம் ஏறும். மது அறவே கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் இரண்டையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உங்களைத் தனியாகவும் பேசவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் இந்த மாற்றம் பல நேரம் நோயாளிக்கே தெரியாது. மருந்தும் உண்டு, மனநலப் பயிற்சியும் உண்டு.

அவர் கை ஓங்கினால் மட்டும் பொறுத்துக்கொண்டு நிற்காதீர்கள். நோய்தான் காரணம் என்றாலும் பிள்ளைகளோடு உடனே விலகிப் போய்விடுங்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.